சூடு தெரியாத கால்

கேள்வி: எனக்கு 59 வயது. ஓய்வுபெற்ற ஆசிரியை. திருகோணமலை உப்புவெளியில் வசிக்கிறேன். 11 வருடங்களாக நீரிழிவுக்கு மெட்ஃபோர்மினும், 4 வருடங்களாக இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபினும் எடுத்து வருகிறேன். இரவில் உள்ளங்கால் எரிகிறது. குதிக்காலில் பித்தவெடிப்பு உண்டு. பின்னேரமானால் இரண்டு கணுக்கால்களும் வீங்குகின்றன. சுடுதண்ணீரில் உப்புப் போட்டுக் காலை வைத்திருந்தால் எரிவு போகும் என்றும், கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனால் இன்னும் நல்லது என்றும் அயலில் சொல்கிறார்கள். போன வெள்ளிக்கிழமை மத்தியானம் கோணேசர் கோயிலுக்குப் போய் வந்த பிறகு, வலது பெருவிரலின் அடியில் ஒரு கொப்புளம் இருப்பதை மகள்தான் கண்டாள். எனக்கு நோவே தெரியவில்லை. நோவு இல்லாதபடியால் பயப்படத் தேவையில்லை அல்லவா?

பதில்: அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு, உங்கள் கடைசி வாக்கியத்தைத்தான் நான் இரண்டு தடவை வாசித்தேன். அந்தக் கொப்புளம் நொந்திருந்தால் எனக்குக் கவலை குறைவாக இருந்திருக்கும். சுடுகல்லில் கால் பட்டதும் துள்ளி நிழலுக்கு ஓடுவது நரம்பு நமக்குச் செய்யும் காவல். நீண்ட நாள் நீரிழிவில் அந்தக் காவல் பாதத்திலிருந்துதான் முதலில் விலகத் தொடங்குகிறது. "எரிவு இருக்கிறதே, அப்படியென்றால் உணர்வு இருக்கிறதுதானே" என்று நோயாளிகள் பலர் கேட்பதுண்டு. பாதிக்கப்பட்ட நரம்பு ஒன்றுமில்லாதபோது எரிவதாகச் சொல்லும், உண்மையில் சுடும்போது பேசாமலும் இருக்கும். இரண்டும் ஒரே பாதத்தில் ஒரே நாளில் நடக்கலாம்.

ஆகவே கொப்புளத்தை உடைக்காமல், சவர்க்காரமும் சுத்தமான தண்ணீரும் கொண்டு மெதுவாகக் கழுவி, ஒற்றித் துடைத்து, தொற்று நீக்கிய துணியால் மூடி, இன்றைக்கோ நாளைக்கோ வைத்தியரிடம் காட்டுங்கள். அடுத்த கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். சுற்றிச் சிவப்புப் பரவினாலோ, சீழோ நாற்றமோ இருந்தாலோ, தோல் கறுத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, அதே மணித்தியாலத்தில் வைத்தியசாலைக்குப் புறப்படுங்கள். காட்டப் போகும்போது, பாதத்தின் உணர்வையும் இரத்த ஓட்டத்தையும் பரிசோதிக்கும்படி கேளுங்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் மெல்லிய நைலோன் இழையை உள்ளங்காலில் சில இடங்களில் தொட்டு, கண்ணை மூடிய உங்களிடம் "தெரிகிறதா" என்று கேட்பார்கள். பாதத்தின் மேற்புறத்திலும் உட்கணுக்காலின் பின்னாலும் நாடித் துடிப்பைத் தொட்டுப் பார்ப்பார்கள். சில நிமிட வேலைதான். நீரிழிவு உள்ளவர் எவரும் வருடத்துக்கு ஒரு தடவையாவது செய்துகொள்ள வேண்டியது இது, உங்களைப் போன்றவர்கள் அதைவிட அடிக்கடி. மெட்ஃபோர்மினை நெடுங்காலம் எடுப்பவர்களில் சிலருக்கு விற்றமின் பி12 குறைந்து, அதனாலும் கால் எரிவதுண்டு. எரிவு எல்லாவற்றையும் சீனியின் தலையில் போட்டுவிடாமல் அதையும் ஓர் இரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடுவது நல்லது.

இனிச் சுடுதண்ணீர். உங்களுக்கு அது வேண்டாம். உப்பு நரம்பைத் தேற்றுவதில்லை, நெடுநேரம் ஊறிய தோலோ முதலில் மென்மையாகிப் பிறகு முன்னையைவிட அதிகமாக வரண்டு வெடிக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, தண்ணீரின் சூட்டை அளப்பதற்கு நீங்கள் நம்புகிற கருவியே பழுதாகியிருப்பதுதான். கால் கழுவும் தண்ணீரையும் முதலில் முழங்கையால் தொட்டுப் பாருங்கள். கன்னியாவில் கிணறுகள் ஏழு, சூடும் கிணற்றுக்குக் கிணறு வேறு. இறந்த தாய்க்கு அங்கே ஈமக்கடன் செய்யப் போகிறவர்களையோ பேரப்பிள்ளைகளோடு சுற்றிப் பார்க்கப் போகிறவர்களையோ நான் தடுக்கவில்லை. கால் எரிவுக்கு மருந்தாக அங்கே போவதற்கு மட்டும் என் சம்மதம் இல்லை.

பித்தவெடிப்புக்கு, குளித்து ஈரம் துடைத்த கையோடு யூரியா கலந்த கிறீம் பூசுங்கள். இல்லாவிட்டால் வாசலினும் போதும், ஆனால் விரல் இடுக்குகளில் பூசாதீர்கள். அங்கே எப்போதும் உலர்வாக இருக்க வேண்டும், முக்கியமாக மார்கழி மழையில் சேற்றுப்புண் வருகிற நாட்களில். தடித்த தோலைப் பிளேட்டால் சீவுவதையும், கால் ஆணிக்கு மருந்துக்கடையில் விற்கும் அமில ஒட்டுக்களையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நான் பார்த்த ஆறாத புண்களில் எத்தனையோ அந்தப் பிளேட்டில்தான் தொடங்கின.

கணுக்கால் வீக்கம் வேறு கதை, உங்கள் விஷயத்தில் கொஞ்சம் எளிதான கதையாகவும் இருக்கலாம். அம்லோடிபின் எடுப்பவர்களில் பலருக்கு இப்படி இரண்டு கால்களும் சமமாக, பின்னேரத்தில், விரலால் அழுத்தினால் குழி விழும்படி வீங்குவதுண்டு. காலையில் எழும்பும்போது குறைந்திருக்கும். அதற்காக மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், இரத்த அழுத்தம் ஏறிவிடும். வைத்தியரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார் அல்லது வேறு மருந்துக்கு மாற்றுவார். மூச்சு வாங்குதல், முகம் வீங்குதல், சிறுநீர் நுரைத்தல் ஆகியவை கூட இருந்தால் இதயத்தையும் சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கினால் அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அன்றைக்கே காட்ட வேண்டும். அந்த வீக்கம் சூடாகவும் சிவப்பாகவும் இருந்து நோவு மட்டும் குறைவாக இருந்தால், சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் போட்டு உருவக் கூடாது. உணர்விழந்த பாதத்தில் எலும்புகளே நொறுங்கிக்கொண்டிருக்கும் ஒரு நிலை இப்படித்தான் தொடங்கும், ஆரம்பத்தில் எக்ஸ்ரேயிலும் அது தெரியாமல் போகலாம். அந்தக் காலை ஊன்றாமல் வைத்தியரிடம் போக வேண்டும்.

செருப்பைப் பற்றி நான் கொஞ்சம் கூடுதலாகச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சில காலத்துக்கு முன் கடற்றொழில் செய்யும் ஐயா ஒருவர் இருமலுக்கு மருந்து எடுக்க வந்திருந்தார். நடந்து வரும்போது சீமெந்துத் தரையில் அவருடைய வலது பாட்டாச் செருப்பு மட்டும் 'டிக், டிக்' என்று சத்தம் போட்டது. கழற்றிப் பார்த்தால், சிப்பித் துண்டு ஒன்று அடியைத் துளைத்து மேலே வந்திருந்தது. அதன் நுனி இருந்த இடத்தில் உள்ளங்காலில் ஒரு சதக் காசளவு புண், ஓரமெல்லாம் வெளுத்துப்போய். இரண்டு நாளாக அந்தச் சத்தம் கேட்கிறது என்று அவரே சொன்னார். காதுக்குக் கேட்டது காலுக்குத் தெரியவில்லை.

ஆகவே வீட்டுக்குள்ளும் வெறுங்கால் வேண்டாம். விரலிடுக்கில் வார் உரசும் செருப்பைவிட, பாதத்தின் மேலாக அகன்ற பட்டியும் குதியைப் பிடிக்க ஒரு வாரும் உள்ளது நல்லது. கால் வீங்கியிருக்கும் பின்னேரத்தில் போய் வாங்குங்கள், நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கைப் பெருவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். போடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் கையை விட்டுத் தடவிப் பாருங்கள்.

கோணேசரிடம் போகாதீர்கள் என்று சொல்லும் துணிவு எனக்கில்லை, தேவையும் இல்லை. கச்சான் காற்று அடித்து வெயில் கொளுத்துகிற மாதங்களில் மத்தியானப் பூசையை விட்டு விடியற்காலைப் பூசைக்குப் போங்கள். கோயில் இருக்கும் கோட்டையின் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு ஏறும் பக்தர்களைப் பார்த்திருக்கிறேன், நீங்கள் செருப்பு வைக்கும் இடம்வரை போட்டுக்கொண்டே ஏறுங்கள். என் நோயாளிகள் சிலர் கோயிலுக்கென்றே தடித்த பருத்தி மேசு ஒரு சோடி வைத்திருக்கிறார்கள். ஐயரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நீங்களும் அப்படிச் செய்யலாம். ஆனால் அது முள்ளுக்கும் கடுஞ்சூட்டுக்கும் போதிய தடுப்பு அல்ல. திரும்பி வந்ததும் பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் தரையில் ஒரு கண்ணாடியை வைத்து அதன் மேல் பாதத்தைப் பிடித்துப் பார்க்கலாம், அல்லது மகளையே பார்க்கச் சொல்லலாம். கொப்புளத்தைக் கண்டுபிடித்தவர் அவர்தானே.

வைத்தியரிடம் போகும்போது கிளினிக் கொப்பியோடு அன்றைக்குக் கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போன செருப்பையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். பெருவிரலின் அடி, நடக்கும்போது பாரம் அதிகமாக விழும் இடம். கொப்புளம் கல்லின் சூட்டால் வந்ததா, தேய்ந்த செருப்பின் உரசலால் வந்ததா என்பதை அந்தச் செருப்பின் தேய்மானத்தை வைத்து அவர் ஓரளவு சொல்லிவிடுவார்.