வீடு, மனை: உங்கள் கேள்வி, என் பதில்

கேள்வி: கும்பகோணத்தில் மாமனார் கட்டிய 60 வருஷத்து ஓட்டு வீடு. 48 லட்சத்துக்குப் பேசி முடித்தோம். வாங்குபவரின் வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் 39 லட்சம்தான் பெறும் என்று எழுதிவிட்டார். இப்போது விலையைக் குறைக்கச் சொல்கிறார்கள். குறைக்கலாமா ஐயா?
- ஒரு வாசகி

பதில்: அதற்குள் தலையாட்டிவிடாதீர்கள் அம்மா. குறைந்தது உங்கள் விலை இல்லை, வாங்குபவருக்குக் கிடைக்கும் கடன். 30 முதல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடனுக்கு வங்கி வீட்டு மதிப்பில் அதிகபட்சம் 80 சதவீதம் தரலாம். 48-க்கு 38.4 லட்சம், 39-க்கு 31.2. அவர் கையில் குறைவது அந்த 7.2 லட்சம்தான்.

முதலில் அறிக்கையின் நகலை அவரிடம் கேட்டு வாங்குங்கள். அளவைப் பாருங்கள். நம் பக்கத்து வீடுகள் திண்ணையில் தொடங்கி, ரேழி, முற்றம் தாண்டி, கொல்லையில் போய் முடியும். மாயவரத்தில் என் வீட்டை விற்றபோது வந்த மதிப்பீட்டாளர் கிணற்றடியோடு திரும்பிவிட்டார். கொல்லைக் கதவு பூட்டியிருந்ததாம்! சாவி என் இடுப்பில்தான் இருந்தது, கேட்டால்தானே? பட்டாவையும் புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) வைத்து வங்கி மேலாளருக்கு எழுதிக் கொடுத்தோம், மறுபடி அளந்தார்கள்.

கட்டடத்துக்கு வயதுக்கேற்பத் தேய்மானம் கழிப்பார்கள். அதில் வாதாடிப் பயனில்லை. தேக்குத் தூணின் அழகுக்கு அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது. மண்ணின் மதிப்பில் நில்லுங்கள். அதே தெருவில் சமீபத்தில் பதிவான கிரயப் பத்திர நகல் இருந்தால் சேர்த்துக் கொடுங்கள்.

அப்படியும் ஏறாவிட்டால், இன்னொரு வங்கியில் கேட்கச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு லட்சம் விட்டுக்கொடுப்பது உங்கள் அவசரத்தைப் பொறுத்தது. ஒன்பது லட்சம் வேண்டாம்.