18,000 வெள்ளிப் பெட்டி அந்த மின்னஞ்சலைத் தடுத்திருக்குமா?

கேள்வி: ஜோர்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் அப்பா காலத்திலிருந்து மசாலா, பருப்பு மொத்த வியாபாரம் செய்கிறோம். கிடங்கு பிறை ஊரில். இரண்டு இடத்திலும் சேர்த்து 11 கணினிகள். போன மாதம், தூத்துக்குடியிலிருந்து எங்களுக்கு மிளகாய் அனுப்புபவரின் பெயரில், "வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்த முறை புதுக் கணக்கில் போடுங்கள்" என்று மின்னஞ்சல் வந்தது. லிங்க், ஃபைல் எதுவும் இல்லை. பில் தொகைகூடச் சரியாக இருந்தது. கிராணி (எழுத்தர்) பணம் அனுப்ப உட்கார்ந்த நேரத்தில் வேறு விஷயமாக அவரே போன் செய்ததால் தப்பித்தோம். இப்போது ஒரு விற்பனையாளர் 18,000 வெள்ளிக்கு ஃபயர்வால், அதாவது இணையத்திலிருந்து வருவதை வாசலிலேயே வடிகட்டும் பெட்டி, வைக்கச் சொல்கிறார். வைக்கலாமா?
வாசகி, பினாங்கு

பதில்: இப்போதைக்கு வேண்டாம். வைரஸ் இல்லாத, லிங்க் இல்லாத வெறும் எழுத்தை அந்தப் பெட்டி மற்றக் கடிதங்களோடு சேர்த்து உள்ளே விட்டிருக்கும்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது வேறு: பில் தொகை சரியாக இருந்தது என்கிறீர்கள். அப்படியானால் உங்கள் அஞ்சல் பெட்டியையோ தூத்துக்குடிக்காரரின் பெட்டியையோ யாரோ உட்கார்ந்து படித்திருக்கிறார்கள். முதலில் அனுப்பியவரின் முகவரியை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ஆங்கில 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டிவைத்து ஏமாற்றுவது பழைய வித்தை. முகவரி அசலாகவே இருந்தால் அவருடைய பெட்டி பறிபோயிருக்க வாய்ப்பு அதிகம். உடனே போனில் சொல்லுங்கள். அவரிடம் மற்ற வியாபாரிகளும் சரக்கு எடுப்பார்கள் அல்லவா?

முகவரி எப்படி இருந்தாலும் உங்கள் பெட்டியையும் சோதித்துவிடுங்கள். அமைப்புகளுக்குள் போய், வரும் கடிதங்களை வேறு முகவரிக்குத் தானாக அனுப்பும் விதி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். திருடர்கள் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போவது பெரும்பாலும் அதைத்தான். கடவுச்சொல்லை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய. அந்த விதி இருக்கும்வரை கடிதங்கள் வெளியே போய்க்கொண்டே இருக்கும். விதியை அழியுங்கள், கடவுச்சொல்லை மாற்றுங்கள், எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றுங்கள், பிறகு இரட்டைச் சரிபார்ப்பைப் போடுங்கள்; கடவுச்சொல்லோடு இன்னொரு எண்ணையும் கேட்கும் ஏற்பாடு அது. குறுஞ்செய்தியில் வரும் எண்ணைவிட, அந்த எண்ணைப் போனிலேயே உருவாக்கித் தரும் ஆதென்டிகேட்டர் செயலி நல்லது.

அடுத்தது காசு செலவில்லாதது, ஆனால் முதலாளிகளுக்குக் கசப்பது. எந்தக் கணக்கு மாற்றமும் மின்னஞ்சலை நம்பி நடக்கக் கூடாது. உங்கள் பழைய நோட்டில் இருக்கும் எண்ணுக்கு அழைத்துக் கேட்க வேண்டும். மின்னஞ்சலின் அடியில் போட்டிருக்கும் எண்ணுக்கு அழைத்தால் திருடனே எடுத்து "ஆமாம், மாற்றிவிட்டோம்" என்பான். நீங்கள் ஒரு தொகையை முடிவு செய்யுங்கள், அதற்கு மேல் போனால் இரண்டு பேர் பார்த்த பிறகே பணம் போகட்டும். தீபாவளிச் சரக்கு வரும் பரபரப்பில் நீங்களே வாட்ஸ்அப்பில் "அவசரம், உடனே போடு" என்று சொன்னாலும், கிராணி "அழைத்துக் கேட்காமல் போட மாட்டேன்" என்று மறுக்க வேண்டும். மறுத்ததற்குத் திட்டு வாங்கினால், அடுத்த முறை போட்டுவிடுவார். நான் பார்த்த கடைகளில் இந்த விதியை முதலில் மீறுபவர் முதலாளிதான்.

இனி கணினியில் உள்ள உங்கள் கணக்குக் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர். பேக்அப் இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். பார்த்தால் கணினியின் பின்னால் நிரந்தரமாகச் செருகிய ஹார்டிஸ்க். கணினி பூட்டப்படும்போது அதுவும் சேர்ந்து பூட்டப்படும். மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில் என்பது பழைய கணக்கு. உங்களுக்குப் பிறைக் கிடங்கு இருப்பதே வசதி: வாரம் ஒரு ஹார்டிஸ்க் கழற்றி லோரியோடு அங்கே போகட்டும். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு பில்லையாவது திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்அப்பை நான் பேக்அப் என்று எண்ணுவதில்லை. கணக்காளர் வீட்டிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் (தூரத்திலிருந்து கடைக் கணினியை இயக்கும் வசதி) நேராக உள்ளே வருகிறாரா என்றும் கேளுங்கள். வந்தால், அந்தக் கதவை இன்றே மூடச் சொல்லுங்கள்.

2017 மே மாதம் உலகத்தையே ஆட்டிய வான்னாக்ரை என்ற ரேன்சம்வேர் நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே திருத்தம் வெளியிட்டிருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். இப்போது விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 14 அக்டோபர் 2025-இல் முடிந்துவிட்டது. கிடங்கில் எடை பார்க்கும் பழைய கணினி எதில் ஓடுகிறது? மாற்ற முடியாவிட்டால் இணையத்திலிருந்து துண்டித்துவிடுங்கள்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. மலேசியாவின் 2024 இணையப் பாதுகாப்புச் சட்டம் மின்சாரம், வங்கி போன்ற முக்கியத் துறைகளுக்கானது. மளிகை மொத்தக் கடையை அது நேரடியாகத் தொடாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தொடும். 1 ஜூன் 2025 முதல், பெரிய பாதிப்பு ஏற்படுத்தக்கூடிய தரவுக் கசிவை 72 மணி நேரத்தில் ஆணையரிடம் சொல்ல வேண்டும். பணியாளர்களின் ஐசி (அடையாள அட்டை) படங்கள் வாட்ஸ்அப் குழுவில் கிடக்கின்றனவா? அழித்துவிடுங்கள்.

ஒருவேளை பணம் போய்விட்டால் வங்கிக்கும், மோசடிப் புகாருக்கான 997-க்கும் உடனே அழையுங்கள். மறுநாள் வரை யோசிக்காதீர்கள். கணினி பூட்டப்பட்டால் சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 உதவி மையத்திடம் சொல்லுங்கள்.

ஃபயர்வால்? கடையையும் கிடங்கையும் ஒரே வலையில் இணைக்கும்போது, அல்லது கேமராவை வெளியிலிருந்து பார்க்கும்போது அதற்கு வேலை உண்டு. அப்போதும் விற்பனையாளரிடம் கேளுங்கள்: "இதைப் பொருத்திய பிறகு மாதாமாதம் யார் வந்து பார்ப்பீர்கள், அதற்கு எவ்வளவு?" பதில் மழுப்பலாக இருந்தால் அந்தப் பணத்தில் கிடங்குக் கணினியை மாற்றிவிடுங்கள்.