எடை போடும் இடத்தில் வாங்கிய கைநாட்டு

அன்புள்ள ஐயா,

மூணாறு பக்கம் கொழுந்து பறிக்கும் பெண்களின் முதுகுவலி, முழங்கால்வலி பற்றி முதுகலை ஆய்வு செய்கிறேன். தோட்டத்து சூப்பர்வைசர் நாற்பது பேரை எடை போடும் இடத்தில் நிறுத்தி, ஒரே மணி நேரத்தில் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கித் தந்துவிட்டார். படிவம் மலையாளத்தில் இருந்தது. ஒரு அக்கா மட்டும், "இது எதற்குக் கண்ணு?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது. இந்த ஒப்புதல் போதும்தானே?

வாசகி, தேவிகுளம்

அன்புள்ள மகளே,

போதாது. அந்த நாற்பது தாள்களையும் ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள்.

கொழுந்தின் எடையைக் குறிப்பவர் அந்த சூப்பர்வைசர். அவர் முன்னால் நின்றுகொண்டு எந்தப் பெண் மாட்டேன் என்பாள்? கைதிகள் மேல் சோதனை நடத்திய நாஜி மருத்துவர்கள் வழக்கில், 1947இல் நூரம்பர்க் தீர்ப்பில் வகுத்த பத்து விதிகளில் முதல் விதியே, வற்புறுத்தல் இல்லாமல் தானாகத் தரும் ஒப்புதல்தான்.

2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசி போட்டு ஓர் ஆய்வு நடந்தது. நாடாளுமன்ற நிலைக்குழுவின் 2013ஆம் ஆண்டு அறிக்கையைப் படியுங்கள். ஆந்திரத்தின் 9,543 படிவங்களில் 2,763இல் கையெழுத்து விடுதிக் காப்பாளருடையது. தடுப்பூசி நல்லதா என்பது வேறு பேச்சு. பெற்றவர்களைக் கேட்க வேண்டிய இடத்தில் காப்பாளரைக் கேட்டார்கள். நீங்கள் சூப்பர்வைசரைக் கேட்டிருக்கிறீர்கள்.

என் அம்மா பீர்மேட்டில் கொழுந்து பறித்தவர். நான் சிறுவனாக இருந்தபோது யாரோ வந்து எங்கள் லயத்துப் (தொழிலாளர் வரிசை வீடுகள்) பெண்களிடம் இரத்தம் எடுத்துப் போனார்கள். முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திக்கொண்டு அம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. "எனக்கு என்ன நோயாம்?" என்று மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருவரும் திரும்பி வரவில்லை. அந்தக் கோபம் எனக்கு ஆறவே இல்லை.

பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும், எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் சார்பற்ற சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும் என்கின்றன இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறைகள். நடந்ததைக் கல்லூரியின் நெறிமுறைக் குழுவிடம் மறைக்காமல் சொல்லுங்கள். படிவத்தைத் தமிழில் எழுதி, வேலை முடிந்த பிறகு லயத்துக்கே போய் ஒவ்வொருவரிடமும் படித்துக் காட்டுங்கள். மறுத்தாலும் நடுவில் விலகினாலும் கூலிக்குப் பழுதில்லை, சொன்னது எதுவும் தோட்டத்து ஆபீசுக்குப் போகாது என்பதை உறுதியாகச் சொல்லுங்கள், சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். நாற்பது பேர் பதினைந்தாகக் குறைந்தால் குறையட்டும்.

முதலில் அந்த அக்கா வீட்டுக்குப் போங்கள். அவர் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது.