யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் வீடு: மணல், காணி உறுதி, கூரை – கேள்வி பதில்

நெடுந்தீவு வாசகர்: குறிகட்டுவான் இறங்குதுறையிலயிருந்து ஆத்து மணல் வள்ளத்தில ஏத்தி இறக்கக் கட்டுப்படியாகேல்லை. இஞ்சத்தை மணலில சுவருக்குச் சீமெந்துக் கல் அரியலாமோ?

கல் அரியலாம், கழுவினால். ஆனால் கம்பி போற இடத்துக்கு வேண்டாம். உப்பு கம்பியைக் கறள் பிடிக்க வைக்கும். கறள் பருத்துக் கொங்கிறீற்றை உள்ளுக்கிருந்து வெடிப்பிக்கும். தூணில நெட்டுக்கு ஒரு கீறல் விழுந்து, அதில மண்ணிறக் கறை கசிஞ்சால் கம்பி போய்க்கொண்டிருக்குது. சுவரில கம்பி இல்லை. உப்புப் பூத்துப் பூச்சு உதிரும், அவ்வளவுதான்.

ஆனபடியால் தூண், லிண்டல் (கதவு, யன்னலுக்கு மேல வாற கொங்கிறீற்), பீமுக்கு மட்டும் ஆத்து மணல் கொண்டு வாங்கோ. உள்ளூர் மணலை மெல்லிசாப் பரப்பி ஐப்பசி, கார்த்திகை மழையில விடுங்கோ. பிறகு ஒரு பிடியை நல்ல தண்ணியில ஊறவிட்டு, தெளிஞ்ச தண்ணியை நுனிநாக்கில வையுங்கோ. கரிச்சால் இன்னும் கழுவ வேணும். கொங்கிறீற் குழைக்க உவர்க் கிணத்துத் தண்ணியும் ஆகாது.

கடற்கரையில மணல் அள்ளக் கரையோரம் பேணல் திணைக்கள அனுமதி வேணும். பிடிபட்டால் உழவு இயந்திரமும் போகும்.

அனலைதீவு: காணி உறுதி (காணிப் பத்திரம்) அம்மம்மாவின்ர பேரில. வீட்டுத்திட்டம் கிடைக்குமோ?

அதுக்கு உறுதியைச் சரிப்பண்ண வேணும். முதல்ல உரித்துக்காரர் எல்லாரையும் எழுதுங்கோ. இறப்புச் சான்றிதழ், பிள்ளைகளின்ர பிறப்புச் சான்றிதழ், உறுதியின்ர பிரதி மூண்டோடயும் நொத்தாரிசிட்ட (உறுதி எழுதுறவர்) போங்கோ. வெளிநாட்டில உள்ளவை அங்கத்தைத் தூதரகத்தில அற்றோணித் தத்துவம் (தங்களுக்காக இன்னொருவர் கையெழுத்து வைக்கிற அதிகாரம்) முடிச்சு அனுப்பலாம். ஒருத்தர் தன்ர பங்கை வெளியாளுக்கு விற்க வெளிக்கிட்டால், தேசவழமைப்படி (யாழ்ப்பாணத் தமிழரின்ர வழமைச் சட்டம்) மற்றப் பங்குக்காரருக்குத்தான் முதல் உரிமை.

எழுவைதீவு: உறுதி இடப்பெயர்வில துலைஞ்சு போச்சு.

காணிப் பதிவகத்தில பிரதி எடுக்கலாம். உறுதி இலக்கம், நொத்தாரிசின்ர பேர், ஆண்டு தெரிஞ்சால் சுகம்.

ஊர்காவற்றுறை: உறுதி அப்பப்பாவின்ர பேரில...

அனலைதீவுக்குச் சொன்னதை வாசியுங்கோ.

புங்குடுதீவு: கனடா மாமாவின்ர காணியில 14 வருசமா இருக்கிறம். 10 வருசம் தாண்டினால் எங்கடதுதானே?

இல்லை. உரிமைக்காரருக்கு எதிரா இருந்தால்தான் அந்தப் 10 வருசக் கணக்கு. மாமா "இருந்து பாருங்கோ" எண்டு விட்டது அனுமதி. 30 வருசம் போனாலும் அனுமதிதான்.

வேலணை (இடையில): புங்குடுதீவார் சோலைவரி (வீட்டுக்கும் காணிக்கும் கட்டுற வரி) தங்கட பேரிலதானே கட்டுகினம்?

சோலைவரிச் சீட்டு ஒரு சாட்சி, உறுதி இல்லை.

வேலணை: எங்கட ஊரில ஒராள் அப்பிடித்தான் எடுத்தவர்!

எதிராளி வழக்குக்கு வராமல் விட்டிருப்பார். பங்குக்காரருக்குள்ள இன்னும் கரைச்சல்: ஒராள் இருந்தால் எல்லாருக்குமாக இருக்கிறார் எண்டுதான் நீதிமன்றம் எடுக்கும். புங்குடுதீவார் மாமாவிட்ட நன்கொடை உறுதி கேளுங்கோ. கேட்க வெக்கமெண்டால் அந்தக் காணியில கல்வீடு கட்டாதேங்கோ.

நெடுந்தீவு, இன்னொருவர்: வீட்டுத்திட்டக் காசோட கொஞ்சம் போட்டு ஒரு அறை கூட்டலாமோ?

அத்திவாரத்தைப் பெருப்பிக்காதேங்கோ! 2012 இல தொடங்கின இந்திய வீட்டுத்திட்டத்தில ஒரு வீட்டுக்குக் குடுத்தது 5 லட்சத்து 50 ஆயிரம் ரூபா, அதுவும் கட்டம் கட்டமாத்தான். அத்திவாரம் பெருத்தால் சுவர், கூரை எல்லாம் பெருக்கும். கடைசியில நகை ஈட்டில, வீடு கூரையில்லாமல். அறை பிறகு கூட்டலாம். இப்ப சுவர் மூலையில கல்லுகளை ஒண்டுவிட்டு ஒண்டு நீட்டி விடுங்கோ, பிணைக்க உதவும்.

எழுவைதீவு: அதுவரைக்கும் கொட்டிலுக்கு ஓலையோ தகரமோ?

ஓலை, வெக்கை குறைவு. தகரமெண்டால் ஆணியை நம்பாதேங்கோ, வளையோட (கூரை மரம்) கட்டுக்கம்பியால இறுக்குங்கோ. காத்து ஓரத் தகரத்தைத்தான் முதல்ல கிளப்பும்.