வாய் பிளந்து மூச்சு வாங்கும் கோழி: வெயிலா, நோயா?

கேள்வி: காரிமங்கலம் பக்கம் எங்கள் ஊர். வீட்டுக்குப் பின்னால் சீட் போட்ட கொட்டகையில் 12 நாட்டுக்கோழிகள் வளர்க்கிறேன். ஒரு வாரமாக மதியம் ஆனால் எல்லாம் வாயைத் திறந்துகொண்டு, இறக்கையை அகட்டிக்கொண்டு நிற்கின்றன. எச்சம் தண்ணீராகப் போகிறது. முட்டை குறைந்துவிட்டது, ஓடும் மெலிதாக இருக்கிறது. ஒரு கோழி மட்டும் தனியாக நின்று தூங்கி விழுகிறது. பக்கத்து வீட்டு அண்ணன் கழிச்சல் நோய் என்கிறார், மாத்திரை வாங்கிக் கொடுக்கச் சொல்கிறார். இது வெயிலா, நோயா? இந்த வெயிலில் அடை வைக்கலாமா?

பதில்:

மாத்திரையை இப்போது வாங்க வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. 11 கோழிகள் வெயிலுக்குத் தவிக்கின்றன என்றுதான் தோன்றுகிறது. தனியாக நிற்கும் அந்த ஒன்றைத்தான் கவனித்துப் பார்க்க வேண்டும். இதைப் பிரித்துப் பார்க்க மதிய நேரம் உதவாது. தருமபுரி வெயிலில் மதியம் 2 மணிக்கு நல்ல கோழியும் நோயாளியாகத்தான் தெரியும். விடியற்காலையில், கொட்டகையைத் திறந்துவிடும் முன்பு பாருங்கள். வெயிலால் வந்த தவிப்பு ராத்திரி குளிர்ந்ததும் அடங்கிவிடும். விடிந்த பிறகும் அடங்காமல் இருப்பதைத்தான் நோய் என்று சந்தேகிக்க வேண்டும்.

கோழிக்கு வியர்க்காது, அதற்கு வியர்வைச் சுரப்பியே கிடையாது. அதன் உடல் சூடு சாதாரணமாகவே 41 முதல் 42 டிகிரி செல்சியஸ். அதனால்தான் எந்தக் கோழியைத் தூக்கினாலும் நம் கைக்குக் காய்ச்சல் அடிப்பதாகத் தெரிகிறது. அதை வைத்து ஒரு முடிவுக்கும் வர வேண்டாம். சூட்டைக் கழிக்க அதற்கு இருக்கும் வழிகள் கொஞ்சம்தான். கொண்டை, தாடி, கால் வழியாகக் கொஞ்சம் சூடு வெளியேறும். இறக்கையை அகட்டினால் முடி குறைவான அக்குள் பகுதியில் காற்றுப் படும். அதுவும் போதாதபோது வாயைத் திறந்து வேகமாக மூச்சு விட்டு, உள்ளே இருக்கும் ஈரத்தை ஆவியாக்கும். சாதாரணமாக நிமிடத்துக்கு 20, 30 முறை மூச்சு விடும் கோழி, கடும் வெயிலில் 150-க்கும் மேல் போகும்.

உங்கள் மற்ற கேள்விகளுக்கும் பதில் இதில்தான் இருக்கிறது. மூச்சில் போகும் ஈரத்தை ஈடுகட்ட நிறையத் தண்ணீர் குடிக்கிறது, எச்சம் நீர்க்கிறது. வேகமாக மூச்சு விடுவதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, ஓடு கட்டத் தேவையான சுண்ணாம்புச் சத்து சரியாகக் கிடைக்காமல் போகிறது. தீனி எடுப்பதும் குறைவதால் முட்டை எண்ணிக்கையும் இறங்குகிறது. இதற்கெல்லாம் மாத்திரை எதுவும் செய்யாது.

சரி, காலையில் எதைப் பார்ப்பது? முதலில் கோழிகளைத் தொடாமல், அவை ராத்திரி அடைந்த இடத்துக்குக் கீழே இருக்கும் எச்சத்தைப் பாருங்கள். வெயிலால் நீர்த்த எச்சத்தில் சுற்றிலும் தெளிந்த தண்ணீர் இருந்தாலும், நடுவில் பழுப்பு உருண்டையும் அதன் மேல் வெள்ளைத் தொப்பியும் தெரியும். இடையிடையே நாற்றமடிக்கும், களிம்பான பழுப்பு எச்சமும் கிடக்கும். குடல்வாலிலிருந்து வரும் அது இயல்பானது, பயப்பட வேண்டாம். பச்சையும் வெள்ளையுமாகக் கரைந்து கிடந்தால் கவலைப்பட வேண்டும். ரத்தம் தெரிந்தால் ரத்தக்கழிச்சலாக இருக்கலாம்.

அப்புறம் ஒவ்வொரு கோழியாகக் கையில் எடுங்கள். கழுத்துப் பக்கம் காதை வைத்துக் கேளுங்கள். வெயில் மூச்சில் சத்தம் இருக்காது. கறகறவென்றோ சளி கட்டியது போலவோ சத்தம் வந்தால், அதுவும் குளிர்ந்த காலையில் வந்தால், அது மூச்சுக்குழல் நோய். கண் இரண்டும் முழுதாகத் திறந்து பளிச்சென்று இருக்க வேண்டும். கண்ணில் நுரையோ மூக்கில் நீரோ கூடாது. முட்டையிடும் கோழிக்குக் கொண்டை சிவப்பாக இருக்கும். நீலம் பாய்ந்திருந்தால் மூச்சோ ரத்த ஓட்டமோ சரியில்லை. வெளுத்திருந்தால் உண்ணியோ குடல்புழுவோ ரத்தத்தைக் குறைத்திருக்கலாம்.

கழுத்தடியில் இருக்கும் இரைப்பையைத் தடவுங்கள். ராத்திரி முழுவதும் செரித்து, காலையில் அது காலியாக இருக்க வேண்டும். காலையிலும் கல்லாகக் கிடந்தால் அடைப்பு. தண்ணீர்ப் பையாகத் தளதளத்து, வாயில் புளித்த வாடை வந்தால் உள்ளே தீனி கெட்டிருக்கிறது. நெஞ்செலும்பையும் தடவிப் பாருங்கள். இருபுறமும் சதை இருக்க வேண்டும். எலும்பு கத்தி முனையாகக் கையில் தட்டினால் அந்தக் கோழி இன்று நேற்று மெலிந்தது இல்லை, பல நாளாகவே மெலிந்து வந்திருக்கிறது. அதற்கு வெயில் மட்டும் காரணமாக இருக்காது.

கடைசியாக இறக்கைக்கு அடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் முடியை விலக்கிப் பாருங்கள். கோழி உண்ணி பகலில் சுவர் வெடிப்பிலும் மர இடுக்கிலும் ஒளிந்துகொண்டு ராத்திரியில் வந்து ரத்தம் குடிக்கும். பகலில் தேடினால் கோழி மேல் உண்ணியின் சின்னக் குஞ்சுகள் மட்டுமே கண்ணில் படும். அதனால் ஒரு நாள் ராத்திரி 9 மணிக்கு டார்ச் அடித்துக் கொட்டகைச் சுவரையும் கட்டையையும் பாருங்கள். கோடையில் உண்ணி பெருகும். பலர் வெயிலைக் குறை சொல்லிக்கொண்டு இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

இப்போது அந்த ஒரு கோழி. காலையில் அது மற்றவற்றோடு இறங்கி, தீனிக்கு ஓடி வந்தால் இன்னும் இரண்டு நாள் கவனித்தால் போதும். இறங்காமல், முடியைச் சிலிர்த்துக்கொண்டு கண் மூடி நின்றால் உடனே தனியாகப் பிரித்து வையுங்கள். பச்சை கலந்த வெள்ளை எச்சம், மூக்கில் நீர், கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொள்வது எல்லாம் வெள்ளைக்கழிச்சலின் அடையாளங்கள். பக்கத்து வீட்டு அண்ணன் பயப்படுவது இதற்குத்தான், அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அது வைரஸ் நோய், எந்த மாத்திரைக்கும் கேட்காது. தடுப்பூசி ஒன்றுதான் வழி. அரசு ஒவ்வொரு ஆண்டும் பிப்ரவரியில் ஊர் ஊராக முகாம் நடத்தி இலவசமாகப் போடுகிறது. அதில் விட்டிருந்தால் உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். தெம்பாக இருக்கும் கோழிகளுக்கு மட்டும், வெயில் ஏறும் முன் போட வேண்டும். சின்ன வெங்காயம் நறுக்கிப் போடுவது தீனியாக நல்லதுதான், ஆனால் அது தடுப்பூசிக்கு ஈடாகாது.

உங்கள் பகுதியில் இன்னும் இரண்டு விஷயத்தை நான் கட்டாயம் கேட்பேன். பக்கத்தில் தக்காளித் தோட்டம் இருக்கிறதா? மருந்து அடித்த தோட்டத்தில் மேய்ந்த கோழி வாயில் எச்சில் ஒழுக, கால் பின்னிக்கொண்டு, மூச்சு வாங்கும். பார்த்தால் வெயில் தாக்கியது போலவே தெரியும். மருந்து அடிக்கும் நாட்களில் கோழிகளை அடைத்துத்தான் வைக்க வேண்டும். இரண்டாவது, செத்த எலியோ கோழியோ எங்காவது கிடந்து புழு வைத்திருக்கிறதா? கோடையில் அந்தப் புழுவைக் கொத்தித் தின்ற கோழிக்குக் கழுத்து வலுவிழந்து தரையில் தொங்கிவிடும். வெள்ளைக்கழிச்சலில் கழுத்து திருகும், இதில் தொய்ந்து தொங்கும். செத்ததை அப்படியே எறியாமல் ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள்.

அந்தக் கோழி இறந்துவிட்டாலோ, ஒரே நாளில் இரண்டு மூன்று சாய்ந்தாலோ அறுத்துச் சாப்பிடவும் கூடாது, விற்கவும் கூடாது. அழுகுவதற்குள் பையில் கட்டி, ஐஸ் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். உடலைத் திறந்து பார்த்தால் பல நேரம் அங்கேயே விடை கிடைத்துவிடும். தருமபுரி குண்டலப்பட்டியில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி, ஆராய்ச்சி மையம் இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு ஓசூர் மத்திகிரியில் கோழியினக் கல்லூரியே உண்டு. 1962 என்ற கால்நடை உதவி எண்ணிலும் கூப்பிட்டுக் கேட்கலாம்.

மதியத்தில் ஒரு கோழி நிற்க முடியாமல் சாய்ந்துவிட்டால் விடியும் வரை காத்திருக்க முடியாது. உடனே நிழலுக்கு, காற்றோட்டமான இடத்துக்குத் தூக்குங்கள். அகலமான பாத்திரத்தில் சாதாரணத் தண்ணீர் ஊற்றி அதில் காலை நிறுத்துங்கள். கொண்டை, தாடியை நனையுங்கள். முதுகில் தண்ணீர் தெளித்தால் முடியிலேயே வழிந்து போய்விடும். இறக்கைக்கு அடியிலும் வயிற்றிலும் தோல் நனைய வேண்டும். ஐஸ் தண்ணீரில் முக்க வேண்டாம், அதிர்ச்சியிலேயே போய்விடும். வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றுவதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். மயக்கத்தில் இருக்கும் கோழிக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும். அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக வையுங்கள், தானாக விழுங்கினால் மேலும் கொடுங்கள். தெளிந்த பிறகு, மருந்துக் கடை ஓஆர்எஸ் பாக்கெட் ஒன்றை, அதில் சொல்லியிருக்கும் அளவைப்போல் இரண்டு மடங்கு தண்ணீரில் கரைத்து, சில மணி நேரம் வைக்கலாம். பக்கத்திலேயே வெறும் தண்ணீரும் இருக்கட்டும். உப்பு கூடினால் கோழிக்கு ஆகாது.

உங்கள் கொட்டகை சீட் போட்டது என்றதுமே எனக்குப் பாதி காரணம் தெரிந்துவிட்டது. சீட் மேல் தென்னங்கீற்றைப் பரப்பிக் கட்டுங்கள். வெயில் படும் பக்கம் நனைத்த சாக்கைத் தொங்கவிடலாம், ஆனால் நாலு பக்கமும் மூடிவிடாதீர்கள். கோடை மழை பெய்து ஓய்ந்த மாலையில் புழுக்கமாக இருக்குமே, அன்று இன்னும் கவனம் வேண்டும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் கோழி எவ்வளவு மூச்சு வாங்கினாலும் சூடு இறங்காது. அன்றைக்குச் சாக்கை நனைப்பதை விடுங்கள், காற்று மட்டும்தான் உதவும். கீரிக்கும் பூனைக்கும் பயந்து ராத்திரியில் கதவு, ஜன்னல் எல்லாம் அடைத்து வைப்பவர்கள் உண்டு. கோடையில் காலையில் செத்துக் கிடக்கும் கோழிகளில் சில இப்படிப் புழுங்கிச் செத்தவை. ஒரு பக்கமாவது பலகைக்குப் பதில் கம்பி வலை அடித்துவிடுங்கள்.

ஒரு கோழி சாதாரணமாக நாளுக்குக் கால் லிட்டர் அளவுக்குக் குடிக்கும், இந்த வெயிலில் அது இரண்டு மடங்காகிவிடும். உங்கள் 12 கோழிக்கு 6 லிட்டர் வேண்டும். தண்ணீர் நிறைய வைத்தும் குடிக்கவில்லை என்றால் கையை விட்டுப் பாருங்கள், சுடும். சூடான தண்ணீரைக் கோழி தொடாது. மண்சட்டியில் ஊற்றி, நிழலில் இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள். 11 மணிக்கும் 2 மணிக்கும் மாற்றுங்கள்.

தீனி செரிக்கும்போதும் உடலுக்குள் சூடு உண்டாகும். அதனால் கம்போ கேழ்வரகோ விடியற்காலையிலும், மாலை 5 மணிக்கு மேலும் போடுங்கள். மதியம் கீரை, வெள்ளரி, தர்பூசணித் தோல் போதும். பாலக்கோடு சந்தையில் விலை விழும்போது மிஞ்சும் பழுத்த தக்காளியைக் கொஞ்சம் கொடுக்கலாம், செடியையும் காயையும் கொடுக்க வேண்டாம். முட்டை ஓட்டுக்கு, கிளிஞ்சல் தூளைத் தனிச் சட்டியில் மாலையில் வையுங்கள். ஓடு பெரும்பாலும் ராத்திரியில்தான் கட்டுகிறது.

அடை வைப்பது பற்றி. முடிந்தால் கத்திரி கழிந்து, ஜூனில் சூடு தணிந்த பிறகு வையுங்கள். கோழி இப்போதே அடைக்கு உட்கார்ந்துவிட்டது, முட்டையும் இருக்கிறது என்றால் சீட் கொட்டகையில் மட்டும் வேண்டாம். முட்டைக்குத் தேவையான சூடு 38 டிகிரிக்குள்தான். மதியம் சீட்டுக்குக் கீழே அதைத் தாண்டிவிடும், உள்ளே இருக்கும் கரு செத்துவிடும். வீட்டுக்குள் மண் சுவர் இருக்கும் மூலையில், தரையில் கூடை வையுங்கள். அடியில் லேசாக ஈரமான மணல், அதன் மேல் வைக்கோல். இட்டு மூன்று நான்கு நாளுக்கு மேல் ஆகாத முட்டையாகப் பார்த்து, எட்டு ஒன்பது போதும். அடைக்கோழி வெயிலிலும் எழாமல் கிடந்து தன்னையே வருத்திக்கொள்ளும். விடியற்காலையில் நீங்களே தூக்கி இறக்கி, கால் மணி நேரம் தீனியும் தண்ணீரும் எடுக்க விடுங்கள். அப்போது அது போடும் எச்சம் பெரிதாகவும் கடுமையான நாற்றத்தோடும் இருக்கும், அது நோயில்லை. ஏழாம் நாள் ராத்திரி செல்போன் டார்ச்சில் முட்டையைப் பிடித்துப் பாருங்கள். சிவப்பு நரம்பு தெரியாமல் வெறுமையாக இருப்பதை எடுத்துவிடுங்கள். இந்தச் சூட்டில் அது சீக்கிரம் கெட்டு வெடித்து, பக்கத்து முட்டைகளையும் கெடுத்துவிடும்.