தோட்ட அனுபவம் இருக்கிறது, டிகிரி இல்லை. விவசாயத் தொழிற்கல்வி ஆசிரியர் ஆக முடியுமா?

முடியும். எந்த வேலையைக் கேட்கிறீர்கள் என்பதுதான் விஷயம். மலேசியாவின் குளுவாங்கில், ரப்பர் மரம் சீவிப் பழகிய என்னைப் பார்த்து என் சொந்தக்காரர்களே "உளி பிடித்தவன் வாத்தியாரா?" என்று கேட்டிருக்கிறார்கள். அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

கல்வி அமைச்சின் தொழிற்கல்லூரிகளில் நிரந்தர ஆசிரியர் ஆக வேண்டுமென்றால் பட்டம் வேண்டும், கல்விச் சேவை ஆணையத்தின் நேர்முகத் தேர்வும் உண்டு. செர்டாங் புத்ரா பல்கலைக்கழகத்தில் விவசாய ஆசிரியர்களுக்கென்றே படிப்பு இருக்கிறது. நீங்கள் வயதைச் சொல்லவில்லை. முப்பதைத் தாண்டியவர், செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் மேற்பார்வை பார்ப்பவர், வீட்டில் பிள்ளைகள் உண்டு என்று வைத்துக்கொள்கிறேன். உங்களுக்குத் திறன் பயிற்சி மையங்களின் பயிற்றுநர் வேலைதான் தோது. அங்கே முக்கியமாகப் பார்ப்பது எஸ்.கே.எம். என்னும் மலேசியத் திறன் சான்றிதழும், வி.டி.ஓ. என்னும் பயிற்றுநர் பயிற்சியும். வி.டி.ஓ.வுக்கு ஷா ஆலமில் பயிற்றுநர்களுக்குப் பயிற்சி தரும் சியாஸ்ட் நிலையத்தில் விசாரியுங்கள். எஸ்.கே.எம். வாங்க மறுபடி வகுப்பில் உட்கார வேண்டும் என்றில்லை. பல வருட வேலையை ஆதாரத்தோடு கோப்பாகத் தொகுத்துக் கொடுத்தால் மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் பி.பி.டி. முறையைத் திறன் மேம்பாட்டுத் துறை வைத்திருக்கிறது. நானும் இந்தப் பக்கமாக வந்தவன்தான்.

அனுபவம் இருந்தால் போதும், பயிற்சி எதற்கு என்று நினைத்துவிடாதீர்கள். பயிற்சியில் நான் நடத்திக் காட்ட எனக்குக் கொடுத்த பாடம் பால்மரம் (ரப்பர் மரம்) சீவுவது. எங்கள் அப்பா லயத்து (தோட்டத்து வரிசை வீடு) வீட்டிலிருந்து விடியுமுன் கிளம்பிச் சீவப் போனவர், நானும் கூடவே போய்ப் பழகியவன். கை தானாக ஓடும். ஆனால் எதிரே உட்கார்ந்திருந்த அதிகாரி பால்மரத்தைப் பக்கத்தில் பார்த்ததே இல்லை. "வெட்டு ஏன் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் இறங்குகிறது? ஆழம் போதும் என்று எப்படித் தெரியும்?" என்று குடைந்தார். அந்த வாரக் கடைசியில் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் கேட்டேன். "எப்பவும் அப்படித்தாண்டா. ஆழம் உளிக்குத் தெரியும், உளியைக் கேளு" என்றார். அப்புறம் புத்தகத்தைப் புரட்டினேன். பட்டைக்குள் பால் குழாய்கள் நேராக நிற்பதில்லை, மேலே போகப் போக லேசாக வலப்பக்கம் சாய்கின்றன. இடப்பக்கம் உயர்ந்த வெட்டு அதிகக் குழாய்களை அறுக்கும், சுமார் 30 டிகிரி சரிவில் பால் வழிந்து மரத்தில் வைத்த மங்குக்கு (கிண்ணத்துக்கு) வந்துவிடும். கட்டையை ஒட்டிய மெல்லிய ஏட்டுக்குப் பக்கத்தில்தான் குழாய்கள் நெருக்கமாக இருக்கின்றன. அங்கே வரை போக வேண்டும், ஏட்டைத் தொட்டுவிடக் கூடாது. தொட்டால் பட்டை முடிச்சு முடிச்சாக வளரும், அடுத்த சுற்றில் உளி ஓடாது. அப்பாவின் கையில் இருந்ததை ஒரு பையனுக்குப் புரியும்படி வரிசையாகச் சொல்லப் பழகியது அந்தப் பயிற்சியில்தான்.

பட்டதாரிகளைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். மண், உரக் கணக்கு எல்லாம் அவர்களிடம் கேட்டுத்தான் நான் தேறினேன். ஆனால் ஆள் எடுக்கும்போது சான்றிதழை மட்டும் புரட்டிப் பார்க்கிறார்களே, அதுதான் வயிற்றெரிச்சல். வளர்ந்த செம்பனையில் உரச்சத்து பார்க்க 17ஆவது மட்டையிலிருந்துதான் இலை எடுப்பார்கள். நேர்முகத் தேர்வுக்கு வருபவரை ஒரு மரத்தடியில் நிறுத்தி, "அந்த மட்டையைக் காட்டுங்கள்" என்று கேட்டால் என்ன குறைந்துவிடும்? முழுதாக விரிந்த இளம் மட்டை ஒன்று, அதன் சுருளில் கீழே வந்தால் ஒன்பது, அதற்கும் கீழே பதினேழு. குலை வெட்டியவர் அண்ணாந்து பார்த்தே சொல்லிவிடுவார்.

இன்னொன்றையும் யாரும் சொல்ல மாட்டார்கள். பள்ளி விடுமுறை விட்டாலும் நாற்றுக்கு விடுமுறை கிடையாது. தீபாவளிக்கு முதல் நாளும் பாலிபேக்குகளுக்குத் தண்ணீர் ஊற்றியது நான்தான். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு உட்கார்ந்தால், விருந்துக்கு வந்த மாமா முறுக்கைக் கடித்துக்கொண்டே அவர் வீட்டுக் கறிவேப்பிலை ஏன் பட்டுப்போனது என்று கேட்பார். டாக்டர் மருமகனிடம் இப்படி இலவச வைத்தியம் கேட்பாரா? போகும்போது இரண்டு மிளகாய் நாற்று வேறு வேண்டுமாம், அதுவும் பள்ளி நாற்று!

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சம்பளச் சீட்டு, நிர்வாகியின் கடிதம், வேலை செய்யும்போது எடுத்த படங்கள் எல்லாவற்றையும் அந்த பி.பி.டி. கோப்புக்காக இப்போதே சேர்த்து வையுங்கள். தோட்டம் கை மாறிவிட்டால் பழைய கிராணியை (தோட்டத்துக் கணக்கரை) தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்குவது பெரும் பாடு.