பேரி பாண்ட்ஸை யாருக்குத்தான் பிடித்தது?

கேள்வி: அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் அதிக ஹோம் ரன் (நம்மூர் சிக்ஸர் மாதிரி, பந்தை எல்லைக்கு வெளியே அடிப்பது) அடித்தவர் பேரி பாண்ட்ஸ். ஆனால் கூட ஆடியவர்களுக்கே அவரைக் கண்டால் ஆகாது என்கிறார்களே, அவ்வளவு மோசமான ஆளா?

பதில்: ஆட்டத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 762 ஹோம் ரன், அதில் 2001-ல் மட்டும் 73. லீகின் மிகச் சிறந்த வீரர் விருது ஏழு முறை. எதிரணியை இந்த அளவுக்கு நடுங்க வைத்த பேட்டரை நான் பார்த்ததில்லை. 1998 மே மாதம் அரிசோனாவோடு ஒரு ஆட்டம். கடைசி இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட், இன்னும் ஒருவர் அவுட் ஆனால் ஆட்டம் முடிந்தது. மூன்று பேஸிலும் ஆள் நிற்கிறார்கள், அரிசோனா இரண்டே ரன் முன்னிலை. பாண்ட்ஸ் வந்து நின்றார். அரிசோனாவின் மேனேஜர் (தலைமைப் பயிற்சியாளர் மாதிரி) பக் ஷோவால்டர், “இவருக்குப் பந்தே போட வேண்டாம், முதல் பேஸுக்கு நடந்து போகட்டும்” என்று முடிவெடுத்தார். அப்படி நடந்தால் எல்லோரும் ஒரு பேஸ் நகர, மூன்றாவது பேஸில் நிற்பவர் ரன் எடுத்துவிடுவார். அதாவது எதிரணிக்கு ஒரு ரன்னைத் தானமாகக் கொடுத்தார்! அடுத்து வந்தவர் அவுட் ஆக, 8-7 என்று அரிசோனா ஜெயித்தது. ஷோவால்டரின் கணக்கு தப்பவில்லை.

சரி, குணத்துக்கு வருவோம். அமெரிக்காவில் ஆட்டத்துக்கு முன்பும் பின்பும் நிருபர்களை வீரர்களின் அறைக்குள்ளேயே விடுவார்கள். எனவே அங்கே நடப்பது எதுவும் ரகசியம் இல்லை. பாண்ட்ஸ் ஆடிய சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் அணியின் அறையில் மற்றவர்கள் ஆளுக்கொரு நாற்காலியோடு ஒண்டிக்கொண்டிருக்க, பாண்ட்ஸ் மட்டும் ஒரு மூலையையே வளைத்துப் போட்டிருந்தார். அவருக்கென்று ஒரு சாய்வு சோபா, அவர் மட்டும் பார்க்கிற மாதிரி திருப்பி வைத்த டிவி, தனிப் பயிற்சியாளர்கள். அணி முழுக்க மைதானத்தில் உடம்பை வளைத்துப் பயிற்சி செய்யும்போது இவர் உள்ளேயே இருப்பார். 2001 ஏப்ரலில் 500-வது ஹோம் ரன்னை அடித்துவிட்டு ஓடி வந்தபோது, டக்அவுட்டிலிருந்து (வீரர்கள் உட்காரும் இடம்) வரவேற்க வந்தது மட்டைகளை எடுத்துக் கொடுக்கும் பெண் ஒருவர்தான் என்று அந்த ஆண்டே ஒரு பத்தியாளர் எழுதினார். பாண்ட்ஸைப் பற்றிய ஆயிரம் வசவுகளைவிட எனக்கு இந்த ஒன்றுதான் சுருக்கென்றது. ஒரு மனிதரின் வாழ்நாள் சாதனைக்கு எழுந்து நாலு அடி நடக்க அவர்களுக்கு மனம் வரவில்லை.

அதே அணியின் ஜெஃப் கென்டுக்கும் இவருக்கும் ஏழாம் பொருத்தம். 2002 ஜூனில் சான் டியேகோவில், டிவி கேமரா பார்த்துக்கொண்டிருக்க, டக்அவுட்டிலேயே கைகலப்பு. அந்த வருஷம்தான் அந்த அணி உலகத் தொடரின் (லீகின் இறுதிப் போட்டித் தொடர்) ஏழாவது ஆட்டம் வரை போனது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அணி ஜெயிக்க எல்லோரும் சிநேகிதர்களாக இருக்க வேண்டும் என்பார்களே, அதில் எனக்கு நம்பிக்கை போய் ரொம்ப நாளாகிறது.

கேள்வி: அவருக்கு நண்பர் என்று ஒருவர்கூட இல்லையா?

பதில்: இருக்கிறார், அதுவும் எதிர்பாராத ஆள். 1991-ல், பாண்ட்ஸ் முதலில் ஆடிய பிட்ஸ்பர்க் பைரட்ஸ் அணியின் பயிற்சி முகாமில், எல்லார் முன்னாலும் பாண்ட்ஸைப் பிடித்து விளாசியவர் மேனேஜர் ஜிம் லேலண்ட். ‘மூன்று வருஷமாக உன்னைத் தாங்கிக்கொண்டிருக்கிறேன், போதும்’ என்கிற ரீதியில் அவர் கத்தியது அப்படியே டிவியில் வந்தது. பிறகு? அந்த லேலண்டுக்கும் பாண்ட்ஸுக்கும் கடைசி வரை நல்ல உறவு. 2024-ல் பைரட்ஸ் தன் பெருமைப் பட்டியலில் இருவரையும் ஒன்றாகவே சேர்த்தது. நேருக்கு நேர் திட்டியவரிடம் அவருக்குப் பகை இல்லை என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

கேள்வி: ரசிகர்கள் அவரை எப்படிப் பார்த்தார்கள்?

பதில்: எந்த ஊர் ரசிகர் என்று கேளுங்கள். சான் பிரான்சிஸ்கோவில் அவர் கடவுள். 2018-ல் அவருடைய 25-ம் எண் சட்டையை இனி யாருக்கும் கிடையாது என்று ஜயண்ட்ஸ் நிர்வாகம் ஒதுக்கி வைத்தது. எல்லை தாண்டினால் கதை வேறு. 2006-ல் சீசனின் முதல் ஆட்டத்திலேயே சான் டியேகோவில் ஒருவர் ஊசி போடும் சிரிஞ்சை மைதானத்துக்குள் வீசினார். காரணம் தெரிந்ததுதான், ஊக்கமருந்து. வீரர்களுக்கு ஊக்கமருந்து கொடுத்த பால்கோ ஆய்வகத்தின் வழக்கில் 2003-ல் கிராண்ட் ஜூரி (குற்றம் சாட்டலாமா என்று விசாரிக்கும் நடுவர் குழு) முன் வந்த பாண்ட்ஸ், பயிற்சியாளர் கொடுத்ததை ஆளி விதை எண்ணெய் என்றும் மூட்டுவலித் தைலம் என்றும் நினைத்ததாகச் சொன்னார். நீதிக்கு இடையூறு செய்தார் என்று 2011-ல் வந்த தீர்ப்பு, 2015-ல் மேல்முறையீட்டில் ரத்தானது. சட்டம் விட்டுவிட்டது, ஜனங்கள் விடவில்லை.

2007 ஆகஸ்டில் ஹாங்க் ஆரனின் பழைய சாதனையான 755 ஹோம் ரன்னை அவர் சமன் செய்தபோது, மைதானத்தில் இருந்த லீகின் தலைவரான கமிஷனர் பட் செலிக் எழுந்து நின்றார், ஆனால் கைகளை பேன்ட் பாக்கெட்டை விட்டு எடுக்கவில்லை. மூன்று நாள் கழித்து அடித்த 756-வது பந்தை ஃபேஷன் டிசைனர் மார்க் எக்கோ 7,52,467 டாலருக்கு வாங்கி, என்ன செய்யலாம் என்று இணையத்தில் ஓட்டு விட்டார். அதன்படி, இந்தச் சாதனை சந்தேகத்துக்குரியது என்று சொல்லும் நட்சத்திரக் குறியைப் பந்தில் பொறித்து, கூப்பர்ஸ்டவுனில் உள்ள ஹால் ஆஃப் ஃபேமுக்கு (சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் அருங்காட்சியகம்) அனுப்பினார். பந்து உள்ளே இருக்கிறது, அடித்தவர் வெளியே.

கேள்வி: விளையாட்டு எழுத்தாளர்கள் பழி வாங்கிவிட்டார்கள் என்று சொல்லலாமா?

பதில்: அப்படி ஒரே போடாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அங்குள்ள ஏற்பாட்டைப் பாருங்கள். ஹால் ஆஃப் ஃபேமுக்கு ஓட்டுப் போடுவது, பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தில் பத்தாண்டு உறுப்பினராக இருப்பவர்கள். யாரிடம் அவர் எரிந்து விழுந்தாரோ அவர்களேதான் நீதிபதிகள்! விதிமுறையில் ‘நேர்மை, குணம்’ என்ற சொற்களும் உண்டு. 75 சதவீதம் வேண்டும். 2013-ல் 36.2 சதவீதத்தில் தொடங்கி, பத்தாவதும் கடைசியுமான வாய்ப்பில், 2022-ல், 66 சதவீதத்தில் நின்றுபோனார்.

அதே 2022-ல், முதல் வாய்ப்பிலேயே 77.9 சதவீதம் வாங்கி உள்ளே போனவர் பாஸ்டன் அணியின் டேவிட் ஓர்டிஸ். 2003 மருந்துச் சோதனையில் சிக்கியவர்கள் பட்டியலில் அவர் பெயரும் இருந்ததாக 2009-ல் செய்தி வந்தது. அவர் மறுத்தார். அந்தப் பட்டியலில் சில முடிவுகள் சந்தேகத்துக்குரியவை என்று செலிக்குக்கு அடுத்து வந்த கமிஷனர் ராப் மேன்ஃப்ரெடும் பின்னர் சொன்னார். இருவர் விவகாரமும் ஒன்றல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓர்டிஸ் எல்லாரையும் கட்டிப்பிடித்துச் சிரிப்பவர். அந்தச் சிரிப்புக்கும் சில சதவீதம் கிடைத்திருக்கும் என்பது என் கருத்து. எனக்கு ஓட்டு இருந்தால் இருவருக்கும் போட்டிருப்பேன்.

பாண்ட்ஸ் பக்கத்து நியாயமும் கொஞ்சம் உண்டு. அவருடைய அப்பா, அவரும் பேஸ்பால் வீரரான பாபி பாண்ட்ஸை, ‘அடுத்த வில்லி மேஸ்’ (ஜயண்ட்ஸின் மாபெரும் வீரர்) என்று பத்திரிகைகள் தலையில் தூக்கி வைத்தன. அப்படி ஆகவில்லை என்றதும் கீழே போட்டன. எட்டு அணி மாறினார் அந்த மனிதர். அதைப் பார்த்து வளர்ந்த பையன் நிருபருக்கு முகம் கொடுக்காததில் என்ன ஆச்சரியம்? ஆனாலும் 2016-ல் ஒரு பேட்டியில், தன்னைப் பற்றிய பிம்பத்துக்குத் தானே பொறுப்பு, முட்டாள்தனமாக நடந்துகொண்டேன் என்று அவரே சொல்லிவிட்டார். அப்பாவை இழுக்கவில்லை. அந்தப் பேச்சில் எனக்குப் பிடித்தது அதுதான்.

கேள்வி: அப்படியானால் ஜெஃப் கென்ட் நல்ல பிள்ளையா?

பதில்: ஐயோ! அவரும் யாரோடும் ஒட்டாதவர்தான். 2002-ல் மணிக்கட்டை உடைத்துக்கொண்டு வந்து, ‘லாரி கழுவும்போது விழுந்தேன்’ என்றார். மோட்டார் சைக்கிளில் வித்தை காட்டி விழுந்ததைப் பார்த்ததாகச் சொல்லச் சாட்சிகள் கிளம்பினார்கள். 2000-ல் லீகின் சிறந்த வீரர் விருதை எழுத்தாளர்கள் இவருக்குத்தான் கொடுத்தார்கள், பாண்ட்ஸ் இரண்டாவது.

2025 டிசம்பரில் ஹால் ஆஃப் ஃபேமின் 16 பேர் கொண்ட குழு, எழுத்தாளர்கள் விட்டுவிட்டவர்களை மறுபடி பரிசீலித்தது. பட்டியலில் இருவருமே இருந்தார்கள். கென்டுக்கு 14 ஓட்டு, உள்ளே போய்விட்டார். பாண்ட்ஸுக்கு ஐந்துகூடத் தேறவில்லை. ஐந்துக்குக் கீழே வாங்கினால் அடுத்த சுற்றில் பெயரே வராது என்று புது விதி. இனி 2031 டிசம்பரில்தான் வாய்ப்பு. அப்போது அவருக்கு 67 வயது. அதிலும் ஐந்து கிடைக்காவிட்டால், அப்புறம் அவர் பெயரை எடுக்கவே மாட்டார்கள்.